உஷார்! 'தெரியுமா உங்களுக்கு?' என்று வரும் துணுக்கு உயிருக்கே உலை வைக்கலாம்

கையில் இருக்கும் போனை ஒரு நிமிடம் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் எழுந்ததும் குரூப்பில் ஒரு தகவல் வந்திருக்கிறது. "தெரியுமா உங்களுக்கு? ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்!" அட, அப்படியா என்று மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். உடனே பள்ளித் தோழிகள் குரூப்புக்கு ஒன்று, சித்தி பெண்ணுக்கு ஒன்று, அபார்ட்மென்ட் குரூப்புக்கு ஒன்று. அனுப்பியாயிற்று. காபி ஆறுவதற்குள் மறந்தும் போயிற்று. ஆக்டோபஸ் விஷயம் உண்மைதான், அதற்கு மூன்று இதயங்கள்தான். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை.

அதே கை அதே வேகத்தில் அடுத்து எதை அனுப்புகிறது? ஆபத்து அங்கேதான்.

யாராவது பணம் கேட்டால் யோசிக்கிறோம். ஓ.டி.பி. கேட்டால் சுதாரித்துக்கொள்கிறோம். அரசியல் செய்தி என்றால்கூட, எந்தக் கட்சிக்காரர் கிளப்பிவிட்டாரோ என்று ஒரு சந்தேகம் வருகிறது. துணுக்குச் செய்திக்கு மட்டும் எந்தச் சோதனையும் கிடையாது. "இதில் என்ன இருக்கிறது, சும்மா ஒரு சுவையான விஷயம்தானே" என்று உள்ளே விட்டுவிடுகிறோம். என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். பதற வேண்டாம், ஆனால் கடைசி வரை படியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். அறுபதைத் தாண்டிய பெரியவர். அதுவரை ஓடியாடிக்கொண்டிருந்தவர். ஒருநாள் காலையில் வாசலில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தார். பாக்கெட் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், வலது கை வரவில்லை. ஏதோ சொல்ல வந்தார், பேச்சு குழறியது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

மருமகள் பார்த்தாள். இது பக்கவாதம் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவ்வளவு கெட்டிக்காரப் பெண். ஆனால் அந்த நேரத்தில் அவள் மனசில் முதலில் வந்தது 108 இல்லை. குடும்பக் குரூப்பில் சில மாதங்களுக்கு முன் படித்த ஒரு "அதிசயத் தகவல்". சீனப் பேராசிரியர் ஒருவர் சொன்னதாம். ஸ்ட்ரோக் வந்தவரின் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒவ்வொரு சொட்டு ரத்தம் வரவழைத்தால், சில நிமிடங்களில் தெளிந்துவிடுவாராம். வாய் கோணியிருந்தால் காது மடலை இழுத்துவிட்டு அங்கேயும் குத்த வேண்டுமாம். அதில் இன்னொரு வரியும் இருந்தது. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"நோயாளியை இருந்த இடத்திலிருந்து அசைக்காதீர்கள்."

அசைக்கவில்லை. ஊசியை அடுப்பில் காட்டி, பத்து விரலிலும் குத்தினார்கள். ரத்தம் வந்தது. காதை இழுத்தார்கள். பெரியவர் அசந்து கண்ணை மூடினார். "ரத்தம் வந்துவிட்டது, இனிச் சரியாகிவிடும், தூங்கட்டும்" என்று விட்டார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்குச் சொல்லி, அவன் பதறியடித்து வந்து, முதலில் போன இடத்தில் ஸ்கேன் வசதி இல்லாமல், பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மதியம் தாண்டிவிட்டது. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?"

சொன்னார்கள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான்.

மூளை ரத்தக் குழாயில் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. அடைப்பு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நிமிடத்துக்கு, கண்ணுகளா! வந்திருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்பதே சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. விரல் நுனியில் வரும் ஒரு சொட்டு ரத்தம் மூளையில் இருக்கும் கட்டியை ஒன்றும் செய்யாது. செய்யவே செய்யாது.

பெரியவர் உயிரோடு இருக்கிறார். வலது கை எழவில்லை. பேரன் பெயரைச் சொல்ல வாயெடுத்தால் வேறு ஏதோ சத்தம்தான் வருகிறது.

அந்தத் தகவலைக் குரூப்பில் போட்டவர் யாரோ வஞ்சகர் இல்லை. பெரியவரின் கூடப் பிறந்த தம்பி. நல்லது செய்வதாக நினைத்துத்தான் போட்டார். படித்த எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர்கூட "இது நிஜமா?" என்று கேட்கவில்லை.

இதற்கு உடன்பிறப்பு மாதிரி இன்னொன்று சுற்றுகிறது. "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், உயிர் பிழைப்பீர்கள்." 1999 வாக்கிலிருந்து மின்னஞ்சலில் சுற்றி, இப்போது தமிழில் அழகான படத்தோடு வருகிறது. இதில் ஒரு துளி உண்மை கலந்திருப்பதுதான் கொடுமை. மருத்துவமனையில், இதயத் துடிப்பைக் கருவியில் பார்த்துக்கொண்டே, திடீரெனத் துடிப்பு தாறுமாறாகும்போது, நினைவோடு இருக்கும் நோயாளியை இருமச் சொல்வது உண்டு. டாக்டரும் நர்சும் பக்கத்தில் இருக்கும்போது, சில வினாடி சமாளிப்பதற்காக மட்டும். வீட்டில் தனியாக நெஞ்சு வலியோடு இருப்பவருக்கு இது வைத்தியமே இல்லை. அமெரிக்க இதய சங்கம் இதை ஏற்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தால், 108-ஐ அழைக்க வேண்டிய நிமிடங்கள்தான் போகும்.

இதையெல்லாம் எப்படி நம்புகிறோம்? படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள், டீச்சர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். புத்தி இல்லாமல் இல்லை. வியப்பு வந்துவிட்டால் நம் மனசு அப்படித்தான் வேலை செய்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்து, எது எப்படிப் பரவியது என்று பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. உண்மையைவிடப் பொய் மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைப் போய்ச் சேர பொய்க்கு ஆகும் நேரத்தைப் போல் ஆறு மடங்கு நேரம் உண்மைக்கு ஆனது. பொய்யைப் படித்தவர்கள் எழுதிய பதில்களில் அதிகம் தெரிந்த உணர்ச்சிகளில் ஒன்று எது தெரியுமா? வியப்பு! 'அட!' என்று நாம் வாய் பிளக்கிறோமே, அதேதான். இயந்திரக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் நிலைமை மாறவில்லை. பரப்பியது மனிதர்கள். நம்மைப் போன்றவர்கள்.

இன்னொரு ஆய்வு இன்னும் பழையது. 1977-ல் ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற மூன்று பேர் செய்தது. கல்லூரி மாணவர்களுக்குப் பொது அறிவு வாக்கியங்களைக் கொடுத்து, எது உண்மை என்று தோன்றுகிறது என்று கேட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி, இன்னும் இரண்டு வாரம் கழித்து மறுபடி. சில வாக்கியங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வந்தன. அப்படி வந்தவை, உண்மையோ பொய்யோ, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக உண்மையாகத் தோன்றின. இப்போது உங்கள் போனை நினைத்துப் பாருங்கள். ஒரே துணுக்கு பெரியப்பாவிடமிருந்து, ஆபீஸ் குரூப்பிலிருந்து, யோகா வகுப்புத் தோழியிடமிருந்து வருகிறது. மூன்றாவது தடவை, "இது எனக்கே தெரியுமே" என்கிறோம்.

தெரியாது. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

சாதுவாகத் தெரிகிறவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த மாதம் 5 வெள்ளி, 5 சனி, 5 ஞாயிறு. 823 ஆண்டுக்கு ஒரு முறைதான் இப்படி வரும்." 2010 அக்டோபரில் அப்படி வந்தது. 2011 ஜூலையிலும் வந்தது. இடையில் 823 ஆண்டு அல்ல, ஒன்பது மாதம். 31 நாள் உள்ள எந்த மாதம் வெள்ளிக்கிழமை பிறந்தாலும் இப்படித்தான் வரும். சுவரில் தொங்கும் காலண்டரைப் புரட்டினாலே தெரிந்துவிடும். யார் புரட்டினார்கள்?

"உங்கள் வயதையும் பிறந்த வருடத்தையும் கூட்டுங்கள், எல்லோருக்கும் இந்த வருடம்தான் வரும், ஆயிரம் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் அதிசயம்." ஐயோ, அது எல்லா வருடமும் அப்படித்தானே வரும்! பிறந்த வருடத்தோடு கடந்த வருடங்களைக் கூட்டினால் நடப்பு வருடம் வராமல் வேறென்ன வரும்? கணக்கு டீச்சர்கள்கூட இதை அனுப்புகிறார்கள். வியப்பு வந்துவிட்டால் நமக்குத் தெரிந்த கணக்கும் கைவிட்டுவிடுகிறது என்பதைப் பாருங்கள்.

திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிடுகின்றன, நாசாவே அதிர்ந்துபோனது என்ற தகவல் உங்களுக்கும் வந்திருக்கும். சனீஸ்வரரைக் கும்பிடுங்கள், பக்தி வேறு. ஆனால் பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. நின்றால் சுற்றுப்பாதை போயிற்று, கீழே விழ வேண்டியதுதான். வானத்தில் நிற்பதுபோல் தெரியும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களோ சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பவை. திருநள்ளாறு அந்தக் கோட்டில் இல்லவே இல்லை. 'ஜன கண மன'வை உலகின் சிறந்த தேசிய கீதமாக யுனெஸ்கோ அறிவித்தது என்பதும் இதே வகை. யுனெஸ்கோ அப்படி எதுவும் அறிவிக்கவில்லை என்று 2008-லேயே மறுத்துவிட்டது. இன்னும் ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் வாழ்த்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

உண்மை எப்படிப் பொய்யாகத் திரிகிறது என்பதற்குச் செவ்வாய் கிரகக் கதை போதும். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் பூமிக்கு மிக அருகில், சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் தூரத்தில் வந்தது. ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் அதுவே மிகக் கிட்டத்தில் வந்தது. எவ்வளவு அருமையான உண்மை! 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறும் கண்ணுக்கு நிலா தெரியும் அளவுக்குத் தெரியும் என்று யாரோ எழுதினார்கள். கை மாற மாற, தொலைநோக்கி உதிர்ந்துபோனது. வருடமும் உதிர்ந்துபோனது. "ஆகஸ்ட் 27, வானத்தில் இரண்டு நிலா!" என்று பல வருடங்களாக ஆகஸ்ட் பிறந்தால் வந்துவிடுகிறது. மொட்டை மாடிக்குப் போய் ஏமாந்து வந்த குழந்தைகள் எத்தனையோ.

"ஏமாந்தால் என்ன, குடியா முழுகிவிட்டது?" என்று கேட்பீர்கள். காலண்டரைப் புரட்டிப் பார்க்காத கை, ஊசித் தகவலையும் அப்படியே தள்ளிவிடுகிறது. பழக்கம் ஒன்றுதான், தாயி.

அதுவும் பாம்பைப் பற்றிய துணுக்கு என்றால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறி, செத்தவரின் சிதைப் புகையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்தப் பாம்பால் மனிதரைக் கொல்லவே முடியாது. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் அப்படித்தான். சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் போகலாம். ஆனால் இவற்றோடு சேர்ந்து ஒன்று வருகிறது: "இரண்டு பல் தடம் இருந்தால்தான் விஷம், தடம் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம்."

இதை நம்பிவிடாதீர்கள். நம்பவே நம்பாதீர்கள்!

கட்டுவிரியன் ராத்திரியில் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். அதன் பல் சின்னது. தடமே தெரியாமல் போகலாம். வீக்கம் இருக்காது, பெரிதாக வலிக்காது. கடித்ததே தெரியாமல் தூங்குகிறவர்கள் உண்டு. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார். கண் இமை சொருகும். விழுங்க முடியாது. பிறகு மூச்சு. இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து வேலை செய்யும் விஷமுறிவு மருந்து இங்கே தயாராகிறது. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், 1978-ல் தொடங்கிய சங்கம். பகிர வேண்டிய அதிசயம் இதுவல்லவா! மருந்து நம் ஊரில் இருக்கும்போது, பல் தடத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்து உயிரை விடுவதா? கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இடி ஒரே இடத்தில் இரண்டு முறை விழாதாம். நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின்மேல் வருடத்துக்குச் சராசரியாக இருபது முறைக்கு மேல் விழுகிறது. ஏற்கெனவே கருகிய மரம்தானே என்று மழைக்கு அதன் அடியில் ஒதுங்குகிறவர்களை நினைத்தால் பகீர் என்கிறது.

தேனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் கவனமாகக் கேளுங்கள். "தேன் கெட்டே போகாது" என்ற துணுக்கு பெரும்பாலும் சரிதான். ஒழுங்காக மூடி வைத்த தேன் பல ஆண்டு தாங்கும். உடனே ஒரு பாட்டி, "கெடாத பொருள், பிள்ளைக்கு நாக்கில் வைத்தால் என்ன" என்று கிளம்பிவிடுகிறார். சேனை வைக்கும் வழக்கம் வேறு நமக்கு உண்டு. வேண்டாம்! தேனில் ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அவை ஒன்றும் செய்யாது. ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து, நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். குழந்தை பால் குடிக்கச் சோரும், அழுகைச் சத்தம் தேயும், தலை நிற்காது. ஒரு வயது வரை ஒரு சொட்டுத் தேன்கூடக் கூடாது. உண்மைத் துணுக்கே பாதியாக வந்தால் இந்தக் கதி. பொய்த் துணுக்கைக் கேட்க வேண்டுமா?

இனி, எதைப் பார்த்ததும் கை நிற்க வேண்டும் என்று சொல்கிறேன்.

உடம்பில் எதையாவது செய், தின்னு, குடி, குத்து, தடவு என்று சொல்கிறதா? நிறுத்துங்கள். அது துணுக்கு இல்லை, மருந்துச் சீட்டு. எழுதியவர் யாரென்றே தெரியாத மருந்துச் சீட்டு. 2020-ல் கொரோனா பயத்தில், சாராயம் குடித்தால் கிருமி சாகும் என்ற புரளியை நம்பி ஈரானில் மெத்தனால் குடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் பக்கத்துச் சித்தூர் மாவட்டத்தில், வீடியோ பார்த்து ஊமத்தையை அரைத்துக் குடித்தவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஊமத்தை விஷம் என்று அந்த வட்டாரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"நாசா சொன்னது", "ஹார்வர்டு கண்டுபிடித்தது", "ஜப்பான் விஞ்ஞானிகள் அதிர்ச்சி" என்று இருக்கிறதா? எந்த விஞ்ஞானி, எந்த வருடம் என்று தேடுங்கள். இருக்காது.

நம் கோவிலுக்கு, நம் மொழிக்கு, நம் நாட்டுக்குப் பெருமை சேர்க்கிறதா? அப்போதுதான் இரட்டிப்பு உஷார். பெருமையில் நெஞ்சு விம்மினால் கண் மறைக்கும். பொய்ப் பெருமை பேசி அடுத்தவரிடம் மாட்டிக்கொண்டால், நம்மிடம் இருக்கும் நிஜப் பெருமையையும் அவர் நம்ப மாட்டார்.

"டாக்டர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்", "அழிப்பதற்குள் பகிருங்கள்", "பத்துப் பேருக்கு அனுப்பினால் ஓர் உயிர் பிழைக்கும்" என்று இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். அவசரப்படுத்துவது யோசிக்கவிடாமல் செய்வதற்குத்தான்.

செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். ஐந்தோ அதற்கு மேலோ கை மாறி வந்தது என்று வாட்ஸ்அப்பே காட்டும் குறி அது. அத்தனை கையில் ஒருவராவது சோதித்திருப்பார் என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

துணுக்கோடு ஏதாவது ஃபைல் வந்து, பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருந்தால் தொடவே தொடாதீர்கள். அது படம் இல்லை, உங்கள் போனுக்குள் ஏறப் பார்க்கும் செயலி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

உங்களைப் பற்றிக் கேட்கும் விளையாட்டுகளும் ஆபத்துதான். "நீங்கள் படித்த முதல் பள்ளி, உங்கள் நாய்க்குட்டியின் பெயர், அம்மா பிறந்த ஊர். சொல்லுங்கள், உங்கள் ராசியைச் சொல்கிறோம்." இதே கேள்விகளை வேறு எங்கே கேட்பார்கள்? கடவுச்சொல் மறந்தால் கேட்பார்கள். ஃபேஸ்புக் விவரங்கள் கசிந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரமே ஒரு வினா விளையாட்டுச் செயலியில் தொடங்கியதுதான். இந்தியாவில் அந்தச் செயலியைப் போட்டுக்கொண்டவர்கள் 335 பேர். அவர்களோடு நட்பில் இருந்ததால் விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,120 பேர். இது ஃபேஸ்புக் 2018-ல் தானே சொன்ன கணக்கு. விளையாடியவர் ஒருவர், மாட்டியது ஊர்.

"புத்தகத்திலேயே போட்டிருக்கிறான்" என்று என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக இது. அமெரிக்காவில் ஃபிரெட் வொர்த் என்பவர் துணுக்குக் களஞ்சியம் எழுதினார். யாராவது திருடினால் பிடிக்க வேண்டும் என்று, கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதல் பெயர் ஃபிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யை உள்ளே வைத்தார். 'ட்ரிவியல் பர்சூட்' என்ற புகழ்பெற்ற வினா விளையாட்டில் அந்தப் பொய் அப்படியே பதிலாக வந்தது. 1984-ல் வழக்குப் போட்டார். துணுக்குத் தகவல்களுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று வழக்கு தோற்றது. 'ஃபிலிப்' மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. அதற்கும் முன்னால், 1917 டிசம்பர் 28 அன்று எச். எல். மென்கன் என்ற பத்திரிகையாளர், அமெரிக்காவுக்குக் குளியல் தொட்டி வந்த வரலாறு என்று முழுக்கக் கற்பனையாக ஒரு கட்டுரை எழுதினார். விளையாட்டுக்கு எழுதியது. ஆட்கள் அதைப் புத்தகங்களில் வரலாறாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1926-ல் அவரே, அது பொய் என்று அச்சில் எழுதினார். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. பொய்யைப் பெற்றவரே வந்து சொன்னாலும் கேட்கவில்லை என்றால், நீங்கள் அனுப்பிய பிறகு "சாரி, தப்பு" என்று ஒரு வரி போட்டால் எத்தனை பேரைப் போய்ச் சேரும்?

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் புரளி. குலதெய்வக் கோவிலுக்காக உறவினர்களோடு காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகப்பட்டு அடித்தே கொன்றுவிட்டார்கள். கூட வந்தவர்களுக்கும் பலத்த அடி. அந்தப் புரளியை அனுப்பிய ஒவ்வொருவரும் "எதற்கும் நாலு பேருக்குத் தெரியட்டுமே" என்றுதான் அனுப்பியிருப்பார்கள். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது.

துணுக்கே பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பேசுங்கள். பிள்ளைகளிடம் கட்டாயம் பேசுங்கள். இமயமலையில் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்ட அந்த மாபெரும் நில அளவை, 1802-ல் நம்ம பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கியது. 1861-ல் சென்னை வான் ஆய்வகத்தில் இருந்த போக்சன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு 'ஆசியா' என்று பெயர். சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909-ல் கொடைக்கானலில் இருந்துதான் எவர்ஷெட் கண்டுபிடித்தார், இன்றும் உலகம் அதை அவர் பெயரால்தான் சொல்கிறது. சிதம்பரம் பூமியின் காந்த மையம் என்று வருவது தவறு, ஆனால் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போவது உண்மை. 1963-ல் முதல் ராக்கெட்டை விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். பெயர் இருக்கிறது, வருடம் இருக்கிறது, இடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் தேடிச் சரிபார்க்கலாம். இப்படிப்பட்டதை அனுப்புங்கள்.

இன்று ராத்திரி தூங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். குடும்பக் குரூப்பைத் திறந்து, தேடும் இடத்தில் 'ஊசி' என்று அடியுங்கள். பிறகு 'இருமல்', 'பாம்பு', 'தேன்'. என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள், திடுக்கிட்டுப் போவீர்கள். அனுப்பி இரண்டரை நாளுக்கு மேல் ஆகிவிட்டால் எல்லோருடைய போனிலிருந்தும் அழிக்க வாட்ஸ்அப் விடாது. ஆகவே, அந்தப் பழைய செய்தியையே பிடித்துக்கொண்டு அதற்குப் பதிலாக எழுதுங்கள். போட்டவரைத் திட்ட வேண்டாம். பெரியவர்கள் மனசு நோகாமல், இவ்வளவு போதும்:

"மாமா, இந்த ஊசி வைத்தியம் தவறான தகவல். யாரும் செய்ய வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ஆரம்பித்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். குரூப்பில் எல்லோரும் படித்ததும் ஒரு வார்த்தை பதில் போடுங்கள்."